மாத்திரை, கோப்பி, மருந்துச் சீட்டு: ஏடிஎச்டி உள்ள வீட்டுக்குக் கைகொடுக்கும் 42 குறிப்புகள்

வீட்டில் ஒருவருக்கு ஏடிஎச்டி என்று டாக்டர் சொல்லிவிட்டால், மறதிக்கான மருந்தை வாங்கவே மறந்துபோகும் கூத்தும் கூடவே ஆரம்பமாகிவிடும். சீட்டு, தேதி, வரிசை, காலைக் கோப்பி எல்லாவற்றையும் அந்த ஒருவர் தலையிலேயே கட்டினால் நடக்காது. ஞாபகத்தில் பாதியை வீடு சுமக்க வேண்டும். பிள்ளைக்காக ஓடும் அம்மா அப்பாக்களுக்கும், முப்பது வயதுக்கு மேல் தனக்கே இருப்பதைத் தெரிந்துகொண்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இவை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. மற்றதெல்லாம் நம் வேலை.

1. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை வேலைக்கு வையுங்கள். காலை மாத்திரை போட்ட கையோடு நேற்றைய தாளைக் கிழியுங்கள். காலண்டர் இன்றைய தேதியைக் காட்டினால் போட்டாயிற்று, நேற்றைய தேதியில் நின்றால் இன்னும் இல்லை. சந்தேகத்தில் இன்னொன்றை விழுங்கும் ஆபத்தும் போச்சு.

2. காலையில் மறந்து மாலை மூன்று மணிக்கு ஞாபகம் வந்ததா? நாள் முழுக்க வேலை செய்யும் வகை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், மறுநாள் இரண்டாகச் சேர்த்தும் போட வேண்டாம். நேரம் தப்பி விழுங்கினால் நடுராத்திரியில் அலமாரி அடுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

3. எந்த மாத்திரை எவ்வளவு நேரம் ஓடும் என்று குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். சாதாரண ரிட்டலின் 3 முதல் 4 மணி நேரம், ரிட்டலின் எல்.ஏ. சுமார் 8 மணி நேரம், கான்செர்டா சுமார் 12 மணி நேரம். மூன்றிலும் இருப்பது மெத்தில்ஃபெனிடேட் என்ற ஒரே மருந்துதான், வெளியே வரும் வேகம்தான் வேறு.

4. மருந்து இறங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளை சிடுசிடுப்பான், பெரியவரும் எரிந்து விழுவார். அந்த நேரத்தில் வீட்டுப்பாடம், மின்சாரக் கட்டணம், மாமியார் விஷயம் எதையும் எடுக்காதீர்கள். சாப்பிட ஏதாவது கொடுத்து, சும்மா விட்டால் தானாகவே அடங்கும்.

5. கான்செர்டாவைப் பொடிப்பது, இரண்டாக வெட்டுவது, மெல்வது கூடவே கூடாது. அதன் மேல்பூச்சில் உள்ள 22 சதவீத மருந்து முதலில் இறங்கும், மீதியை உள்ளே இருக்கும் அமைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். உடைத்தால் எல்லாம் ஒரேயடியாக இறங்கிவிடும். காலி ஓடு அப்படியே மலத்தோடு வெளியே வரும், 'மருந்து வேலையே செய்யவில்லை' என்று பயப்பட வேண்டாம்.

6. மாத்திரை விழுங்க அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ரிட்டலின் எல்.ஏ. காப்ஸ்யூல் தோதானது. அதைத் திறந்து, உள்ளிருக்கும் மணிகளை ஆறிய ஆப்பிள் கூழில் தூவி, மெல்லாமல் உடனே விழுங்கச் செய்யலாம். சூடான கஞ்சியிலும் மைலோவிலும் கலக்காதீர்கள். முதல் தடவை பார்மசிஸ்டிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

7. அட்டோமாக்ஸெடின் எழுதிக் கொடுத்திருந்தால் பொறுமை வேண்டும். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம், முதல் வாரத்திலேயே 'தண்டம்' என்று தூக்கிப் போடாதீர்கள். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டோடு போடலாம். இந்தக் காப்ஸ்யூலைத் திறக்கக் கூடாது, உள்ளே இருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரியும்.

8. முதலில் பசியாறட்டும், பிறகு மாத்திரை. மருந்து ஏறிய பின் பசி மங்கிவிடும். அதனால் இட்லியோடு முட்டை, தோசையோடு கடலைச் சட்னி என்று கனமானதைக் காலையிலேயே உள்ளே தள்ளுங்கள். மதிய டப்பா அப்படியே திரும்பி வந்தால் திட்டாமல், இரவுச் சாப்பாட்டை ஒரு பிடி கூட்டுங்கள்.

9. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று பிள்ளையின் எடையையும் உயரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். டாக்டர் எப்படியும் கேட்பார். நோட்டைப் பார்த்துச் சொன்னால் அளவு பற்றிய முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

10. இனி கோப்பி. நம்மூர் கோப்பிக் கடைத் தூளில் பெரும்பங்கு ரொபஸ்டா கொட்டை, சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்தது. அரபிக்காவோடு ஒப்பிட்டால் ரொபஸ்டாவில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரிய மால் கடையில் பதினைந்து வெள்ளி கொடுத்துக் குடிக்கும் கோப்பிதான் 'ஸ்ட்ராங்' என்று நினைத்தால், மூலைக்கடை கோப்பி ஓ காவ் சிரிக்கும்.

11. ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வடித்த கோப்பி ஒரு கப்பில் சுமார் 95 மில்லிகிராம் காஃபின், நெஸ்காப்பி போன்ற உடனடிக் கோப்பியில் 60, தேநீரில் 45, எனர்ஜி பானம் 250 மில்லியில் 80 என்று வைத்துக்கொள்ளலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே நாளுக்கு 400 தான் மேல்வரம்பு, கர்ப்பிணிகளுக்கு 200. காலை இரண்டு கோப்பி, பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் தே தாரிக், ராத்திரி வேலைக்கு ஒரு எனர்ஜி பானம் என்றால் 360 ஆகிவிட்டது, 400ஐ நெருங்கி நிற்கிறோம். மாத்திரையும் அதே இதயத்தைத்தான் வேகமாக ஓட வைக்கிறது. ஆகவே மாத்திரை போடுகிறவருக்கு அந்த வரம்பு பொருந்தாது, உங்களுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கோப்பியே வேண்டாம்.

12. குடித்த காஃபினில் பாதி உடலை விட்டுப் போக சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். மாலை ஐந்து மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி, ராத்திரி பத்து மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குக் கடையை மூடிவிடுங்கள்; தூக்கம் கெட்டால் மறுநாள் எந்த மாத்திரையும் அதை ஈடுகட்டாது.

13. புது மாத்திரை ஆரம்பிக்கும் வாரத்திலும் அளவு மாறும் வாரத்திலும் கோப்பியை ஒரே அளவில் வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் படபடப்பு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல மருந்தின் மேல் பழி விழுந்து, சீட்டே மாறிப்போவது இப்படித்தான்.

14. மாமாக் கடையில் தமிழிலேயே 'அண்ணே, லைட்டா போடுங்க' என்று சொல்லிவிடலாம். காஃபினும் குறையும். கூடவே 'குராங் மானிஸ்' என்றால் சீனியும் குறையும். காசு ஒன்றுதான், லாபம் இரண்டு.

15. கோப்பி என்ற பெயரில்லாமல் வரும் காஃபினையும் எண்ணுங்கள். நெஸ்லோவில் நெஸ்காப்பி இருக்கிறது, தே ஹாலியாவில் இஞ்சியோடு தேயிலையும் இருக்கிறது, மைலோவில் கோக்கோ வழியாகக் கொஞ்சம் இருக்கிறது. ஆயர் பார்லி, சிராப் பண்டுங், லிமாவ் ஐஸ் மூன்றிலும் இல்லை.

16. தலைவலிக்குப் போடும் சிவப்பு அட்டை பெனடோல் எக்ஸ்ட்ராவில் மாத்திரைக்கு 65 மில்லிகிராம் காஃபின் உண்டு. இரண்டு போட்டால் ஒரு நல்ல கோப்பியைத் தாண்டிவிடும். ராத்திரித் தலைவலிக்குச் சாதாரண பெனடோல் போதும்.

17. சாயந்திரம் கையில் சூடாக ஒரு தம்ளர் இல்லாமல் முடியாது என்பவர்களுக்குச் சுக்குக் கோப்பி இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் உள்ள மளிகைக் கடைகளில் சுக்கு, கொத்தமல்லி, கருப்பட்டி வாங்கி வீட்டிலேயே பொடித்தால் மாதம் முழுக்க வரும். தயார்ப் பொடி வாங்கினால் கோப்பித்தூள் கலந்திருக்கிறதா என்று பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள், சிலதில் கலந்திருக்கும்.

18. 'நாளையிலிருந்து கோப்பியே கிடையாது' என்று சபதம் எடுக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, ஒரு வாரம் வரைகூட இழுக்கலாம். மூன்று நாளுக்கு ஒரு தடவை அரைக் கப் குறைத்து வந்தால் தலைக்குத் தெரியாமலேயே இறங்கிவிடலாம்.

19. கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே கோப்பி, சிகரெட் இரண்டும் வேண்டாம். மாடிப்படி ஏறிய மூச்சோடும் கையை நீட்டாதீர்கள், ஐந்து நிமிடம் உட்காருங்கள். கோப்பி ஏற்றிவிட்ட எண்ணைப் பார்த்து டாக்டர் சீட்டு எழுதத் தயங்கினால், நஷ்டம் நமக்குத்தான்.

20. 'ஆண்களுக்கான ஸ்பெஷல்' என்று விற்கும் கலவைக் கோப்பி பாக்கெட்டுகள் பக்கமே போக வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் சில்டெனாஃபில், டடாலாஃபில் மாதிரி மருந்துகளைக் கலந்த கோப்பிகளைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே இதயத்தை வேகப்படுத்தும் மாத்திரை போடுகிறவருக்கு இது தேவையில்லாத விளையாட்டு.

21. ஆரஞ்சுச் சாறு குடித்தால் மருந்து வேலை செய்யாது என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி அமெரிக்காவில் அதிகம் கொடுக்கும் ஆம்ஃபெட்டமின் வகையைப் பற்றியது. இங்கே நாம் அதிகம் பார்க்கும் மெத்தில்ஃபெனிடேட்டைக் கல்லீரல் நொதி உடைக்கிறது. சாறு அதை ஒன்றும் பெரிதாகச் செய்யாது. பிள்ளை ஆசையாகக் கேட்டால் கொடுங்கள்.

22. சளிக்கு மருந்து வாங்கும்போது 'ஏடிஎச்டி மாத்திரை போடுகிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் இரத்த அழுத்தத்தை ஏற்றும், மாத்திரையும் ஏற்றும், மேலே கோப்பியும் ஏற்றும். மூன்றும் சேர்ந்தால் ராத்திரி முழுக்க உங்கள் நெஞ்சு அடிப்பதை நீங்களே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

23. கல்யாண வீட்டில் 'ஒரே ஒரு பெக்' என்று இழுப்பார்கள். மது இந்த மருந்தோடு சேரவே சேராது, அதிலும் சில நெடுநேர வகைகளில் மருந்தைச் சீக்கிரம் அவிழ்த்துவிடும். 'வண்டி ஓட்டணும்' என்று சொல்லித் தப்பித்துவிடுங்கள்.

24. நெஞ்சுவலி, மயக்கம், இல்லாதது காதில் கேட்பது, மனம் மிகவும் இருண்டு போவது: இவற்றுக்கு அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவு. மனம் சம்பந்தப்பட்ட உதவிக்கு அமைச்சின் ஹீல் எண் 15555ஐ அழைக்கலாம்.

25. வல்லாரை ஞாபகசக்திக்கு நல்லது என்று ஊரே சொல்லும். பாசாரில் பெகாகா என்று கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது, துவையல் அரைத்தால் அருமையாக இருக்கும். துவையலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

26. பெரியவர்கள் முதல்முறை மனநல நிபுணரைப் பார்க்கப் போகும்போது பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். 2013இல் வந்த விதி இது, அதற்கு முன் 7 வயது என்றிருந்தது. 'கெட்டிக்காரன், ஆனால் வகுப்பில் ஓயாமல் பேசுகிறான்' என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய ஒரு வரி, அரை மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும். கார்டு தொலைந்திருந்தால் அம்மாவையோ அத்தையையோ கூட்டிப் போங்கள். அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், நாம் கேட்காததும் சேர்த்து.

27. செலவு குறைந்த வழி அரசாங்க கிளினிக்கிலிருந்துதான் தொடங்குகிறது. சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, அங்கே கிடைக்கும் பரிந்துரைக் கடிதத்தோடு நிபுணர் பிரிவுக்குப் போனால் தொடர் வருகைக்கு 5 வெள்ளி. கோலாலம்பூர் மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா, பெட்டாலிங் ஜெயா பக்கம் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் என்று மனநலப் பிரிவுகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பொறுமைதான் கட்டணம். அதனால் தேதி எவ்வளவு தள்ளிக் கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். யோசித்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினால் அது இன்னும் தள்ளிப் போகும்.

28. காத்திருக்க முடியாது என்று தனியாரிடம் போனால், போனிலேயே மூன்று விலையைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பார்க்க எவ்வளவு, பரிசோதனைக்கு எவ்வளவு, ஒரு மாத மருந்துக்கு எவ்வளவு. தனியாரில் கண்டறிந்து அறிக்கை வாங்கி, மருந்தை அரசாங்கத்தில் தொடர முடியுமா என்றும் கேட்டு வையுங்கள். முதல் மாதப் பில்லை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், இது வருடக்கணக்கில் ஓடும் செலவு.

29. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் பார்மசிகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். கூச்சப்படாமல் விலைப்பட்டியலைக் கேளுங்கள். கிளினிக்கில் மருந்து விலை கூடுதலாகத் தெரிந்தால் 'சீட்டு மட்டும் எழுதிக் கொடுங்கள் டாக்டர், வெளியே வாங்கிக்கொள்கிறேன்' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

30. சீட்டு கைக்கு வந்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள்: தேதி, டாக்டர் கையெழுத்து, கிளினிக் விலாசம், உங்கள் பெயர், விலாசம், மருந்தின் அளவு, மொத்த எண்ணிக்கை. கான்செர்டாவில் மட்டும் 18, 27, 36, 54 என்று நான்கு அளவு உண்டு. ஓர் எண் தெளிவாக இல்லாவிட்டாலும் பார்மசியில் திருப்பி அனுப்புவார்கள், ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மறுபடி போய்வர வேண்டியதுதான்.

31. எல்லாப் பார்மசியிலும் இந்த மருந்து இருக்காது. மெத்தில்ஃபெனிடேட் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் மனமாற்றப் பொருளாகக் கட்டுப்படுத்தப்பட்டது, ஒவ்வொரு விற்பனையையும் பதிவேட்டில் எழுத வேண்டும், அதனால் சிலர் வைப்பதே இல்லை. கிளம்புவதற்கு முன் பெயர், அளவு, எண்ணிக்கை மூன்றையும் போனில் சொல்லி இருப்புக் கேளுங்கள். இருக்கும் கடையின் எண்ணை 'மாத்திரைக் கடை' என்றே போனில் சேமித்து வையுங்கள், கடைப்பெயர் அவசரத்தில் ஞாபகம் வராது.

32. பரீட்சைக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 'ஒன்றே ஒன்று' கொடுப்பது உதவி இல்லை, சட்டப்படி குற்றம். இணையத்தில் மலிவாக வருவதும் வேண்டாம். பதிவான மருந்தின் பெட்டியில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் படம் எடுத்துப் போனில் வைத்தால், வேலையிடத்துச் சிறுநீர்ப் பரிசோதனை போன்ற நேரங்களில் விளக்கம் சொல்லி நிற்க வேண்டியதில்லை.

33. கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் மாத்திரையை எண்ணுங்கள். 28ஆ 30ஆ என்பது சின்ன விஷயம் இல்லை. பதிவேட்டில் ஏறிய எண்ணிக்கையை வீட்டுக்குப் போய் போனில் திருத்த முடியாது.

34. மாத்திரை தீரும் நாளைக் குறிக்காதீர்கள், பத்து மிச்சம் இருக்கும் நாளைக் குறியுங்கள். அடுப்படிக் குதிரைக் காலண்டரில் பொது விடுமுறைகள் சிவப்பில் தெரியும், அதன் பக்கத்திலேயே வட்டம் போடலாம். தைப்பூசம், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி எது வந்தாலும் ஒரு வாரம் முன்பே வாங்கிவிட முடியுமா என்று கேளுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்தி மருந்து வாங்கலாம் என்று நினைப்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார்.

35. வெள்ளிக்கிழமை மதியம் அரசாங்கக் கவுன்டர் பக்கம் போகாதீர்கள். 12.15 முதல் 2.45 வரை தொழுகை நேர இடைவேளை. காலை முதல் ஆளாக நிற்பவருக்குப் பத்து மணிக்கு வேலைக்குத் திரும்ப வாய்ப்பு உண்டு.

36. வேலையோ வீடோ மாறினால் எஸ்பியுபி எனப்படும் ஒருங்கிணைந்த மருந்து வழங்கும் முறையைக் கேளுங்கள். கிள்ளானில் எழுதிய தொடர் சீட்டுக்கு கே.எல்.லில் உள்ள அரசாங்க மருந்தகத்தில் மருந்து எடுக்க இது வழி. தபாலில் அனுப்புவது, காரில் இருந்தபடி எடுப்பது போன்ற வசதிகளும் உண்டு. கட்டுப்பாட்டு மருந்துக்கு இவற்றில் எது பொருந்தும் என்று கவுன்டரில் கேட்டு, பதிலைச் சீட்டின் பின்பக்கமே எழுதிக்கொள்ளுங்கள்.

37. பெரிய மருத்துவமனைக்குக் கார் எடுப்பது காசுக்கும் கேடு, மனசுக்கும் கேடு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. ஏறி யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கலாம். கோலாலம்பூர் மருத்துவமனைக்கு 2023 மார்ச்சிலிருந்து எம்.ஆர்.டி. நிலையமே இருக்கிறது; மோனோரெயிலில் தித்திவங்சா போய் மாறினால் அடுத்த நிலையம் அதுதான். கிள்ளான்காரர்கள் கொமுட்டரில் சென்ட்ரல் வரை வந்துவிடலாம். மாதம் 50 வெள்ளி மை50 அட்டை வைத்திருப்பவர்களுக்கு எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெயில் மூன்றுக்கும் தனிச் செலவே இல்லை.

38. 2022 அக்டோபரில் அமெரிக்காவில் ஆடரால் தட்டுப்பாடு என்று அறிவித்தார்கள், 2023இல் பிரிட்டனிலும் ஏடிஎச்டி மருந்துகள் கிடைக்காமல் திண்டாடினார்கள். இங்கேயும் ஒருநாள் 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் வரலாம். 'இது கிடைக்காவிட்டால் எது, எந்த அளவில்?' என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். நீங்களாக மாத்திரையைப் பாதியாக்கிச் சேமிக்க வேண்டாம்.

39. மாத்திரைக்கு 30 டிகிரிக்கு மேல் ஆகாது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டும் ஈரம் குடிக்கும் குளியலறை அலமாரியும் கூடாது. படுக்கையறையில் பூட்டுள்ள இழுப்பறைதான் சரியான இடம். பாட்டிலுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வீணாய்ப்போன மாத்திரைகளைக் குப்பையிலோ கழிவறையிலோ போடாமல் அரசாங்க மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

40. தமிழ்நாட்டுக்குக் கோயில் குளம் பார்க்கப் போகிறவர்கள் மருந்தை அசல் பெட்டியிலேயே, பெயர் ஒட்டிய லேபிளோடு, கைப்பையில் வையுங்கள். இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருக்கிறது, டாக்டர் கடிதம் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூர் போவதானாலும் முன் அனுமதி வேண்டுமா என்று அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டே பெட்டி கட்டுங்கள்.

41. 'இந்த வயசிலேயே மாத்திரையா, அடிமையாகிடப் போறான்' என்று பெரியப்பா ஆரம்பித்தால் வாதாட வேண்டாம். சுகாதார அமைச்சே இதற்கென்று சிகிச்சை வழிகாட்டி வைத்திருக்கிறது, 2020இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது என்று சொல்லுங்கள். பிறகு ஒரு தே ஓ போட்டுக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுங்கள். பிள்ளை காதில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

42. கடைசியாகக் காசு விஷயம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஏடிஎச்டி கண்டறிதல், ஆரம்பகாலப் பயிற்சி, மறுவாழ்வுச் சிகிச்சை ஆகிய செலவுகளுக்கு 2023ஆம் வரி ஆண்டிலிருந்து வருமான வரியில் 4,000 வெள்ளி வரை கழிவு கொடுத்தார்கள், 2025ஆம் வரி ஆண்டுக்கு அது 6,000 ஆனது. பெரியவர்களும் மனநலப் பரிசோதனை, ஆலோசனைச் செலவை 1,000 வெள்ளி வரம்புக்குள் காட்டலாம். சமூகநல இலாகாவின் ஓகேயு அட்டையில் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் ஏடிஎச்டியும் உண்டு; விண்ணப்பிப்பதா என்பதைக் குடும்பமாகப் பேசி முடிவெடுங்கள். வரி இலாகா கேட்டால் ஏழு வருடம் வரைக்கும் ரசீது காட்ட வேண்டியிருக்கும், கடை ரசீதின் மையோ ஆறு மாதத்தில் மங்கிவிடும். இந்த வருட ரசீதுகளை இன்றைக்கே படம் எடுத்துவிட்டு, ஓர் உறையில் போட்டு மேலே வருடத்தை எழுதி வையுங்கள்.